இன்னும் நாலு பேருக்குத்தான் அளக்கிறோம்

மாமா,

மிளகாய் கருகுகிறது. அறைக்குள் உட்கார்ந்து வேதியியல் படித்துக்கொண்டிருந்த எனக்கு விடாமல் தும்மல். இன்று வியாழக்கிழமை, அப்பாவின் முறை. அவர் முதலில் எண்ணெயைச் சுடவைத்து மிளகாயைப் போட்டுவிடுவார். அதற்குப் பிறகுதான் வெங்காயம் நறுக்க ஆரம்பிப்பார். எத்தனை தடவை சொன்னாலும் அதே வரிசைதான். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி படாரென்று ஜன்னலைச் சாத்தும் சத்தம்கூடக் கேட்டது.

"பாப்பா, டின்னு எங்கம்மா?"

அரிசி அளக்கும் பால் டின்னைத்தான் கேட்கிறார். லேபிள் கிழிந்து, விளிம்பு நசுங்கிப்போன அதே டின். அளந்து முடித்ததும் அதை அரிசி வாளிக்குள்ளேயே புதைத்துவைக்கும் பழக்கம் உங்களுடையது. நாங்களும் அப்படியே பழகிவிட்டோம்.

"வாளிக்குள்ளதான்பா இருக்கும். நல்லாத் தோண்டுங்க."

அப்பா தோண்டினார். அரிசி சரசரவென்று சரியும் சத்தம் அறைவரை வந்தது. புத்தகத்தை மூடிவிட்டேன். வேதியியல் கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும். உங்களுக்கு எழுத வேண்டும்.

எல்லாம் என் பேச்சுப் போட்டியால் வந்தது, நினைவிருக்கிறதா? பள்ளியில் நான்காம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். 'ஆண் பெண் சமத்துவம்: இன்றைய இளைஞர்களின் பார்வை' என்று தலைப்புக் கொடுத்தார்கள். நான் நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டு, இளைஞர்களையே நேரில் கேட்டால் என்ன என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த இளைஞர்கள் எல்லாரும் சாயங்காலமானால் எங்கள் தாமான் குடியிருப்பின் முனைக் கடையில் உங்களோடு உட்கார்ந்து தே தாரிக் குடித்துக்கொண்டிருப்பவர்கள்தான். பேனாவோடு வந்து நின்றேன். உங்கள் முகத்தில் வந்த பீதியை இன்றும் மறக்கவில்லை.

"டேய், எங்க வீட்டு லோயரம்மா வந்துட்டாடா. எல்லாரும் ஒழுங்கா உக்காருங்க."

அந்த வக்கீல் பட்டப்பெயர் நீங்கள் வைத்தது. டயர் கடையில் வேலை கிடைத்து, அக்கா வீடு என்ற உரிமையோடு எங்கள் வீட்டு முன்னறைக்குக் குடிவந்த முதல் வாரமே வைத்துவிட்டீர்கள். என் கேள்விகளைத் தாங்க முடியாமல்.

உங்கள் உயிர் நண்பர் தேவா அண்ணன்தான் முதலில் பதில் சொன்னார். "சமம்தான் லா. இதுல என்ன சந்தேகம்? எங்க பாஸே பொம்பள."

"அப்ப உங்க சட்டைய யாருண்ணே துவைக்கிறது?"

"மெஷினு."

மேசையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. "மெஷின்ல போடுறது யாரு? காயப்போடுறது யாரு? மழ வந்தா ஓடிப்போய் எடுக்குறது?"

தேவா அண்ணன் தே தாரிக்கைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, அம்மா, அம்மா" என்றார். பிறகு சமாளித்தார். "ஆனா ஒண்ணு தங்கச்சி. நான் கல்யாணம் பண்ணா பொண்டாட்டிய வேலைக்கு அனுப்புவேன். நம்ம பழைய ஆளுங்க மாதிரி இல்ல."

"அனுப்புவீங்களா? அவங்க என்ன பார்சலாண்ணே?"

அன்று அதிகம் சிரித்தது நீங்கள்தான். அதனால்தான் அடுத்த கேள்வி உங்களுக்கு. "மாமா, நீங்க?"

"நான்தான் அக்காவுக்கு ஹெல்ப் பண்றேனே. போன வாரம்கூட கேஸ் தோம்பு மாத்திக் குடுத்தேன்."

வீட்டுக்கு வந்து, நீங்கள் எல்லாரும் சொன்னதைப் பேச்சில் எழுதினேன். எனக்கே ஒரு விஷயம் விளங்கவில்லை. யாருமே 'சமம் இல்லை' என்று சொல்லவில்லை. எல்லாருமே நல்லவர்கள். எல்லாருமே எனக்குத் தே ஓ ஐஸ் வாங்கிக் கொடுக்க முந்தினார்கள். அப்படியிருந்தும் யார் வீட்டிலும் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை.

அந்த வாரமே அது எங்கள் வீட்டில் வந்து நின்றது.

கையுறைத் தொழிற்சாலையில் அம்மா எத்தனையோ வருடமாகப் பொட்டலம் கட்டும் பிரிவில் இருந்தார். அவரை அங்கே ஒரு வேலை வரிசைக்கே தலைவியாக்கப் போவதாகச் சொன்னார்கள். ஒரு வாரம் காலை வேலை என்றால் மறு வாரம் மதியம் தொடங்கி இரவு பத்துவரை. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மா இதைச் சாப்பாடு பரிமாறிக்கொண்டே, மழை வரும் போலிருக்கிறது என்பது போலச் சொன்னார்.

அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பா எதையுமே வேண்டாம் என்று சொல்கிறவர் இல்லை. தெலுக் இந்தான் பக்கத்து எண்ணெய் ஆலைகளுக்குச் செம்பனைக் குலை லோரி ஓட்டிவிட்டு வந்த களைப்பில், "உன் இஷ்டம்தான். ஆனா ராத்திரிச் சோறு?" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "பாப்பாதான் பெரிய பிள்ளையாயிட்டாளே. அவ ஆக்கட்டுமே."

அம்மா உடனே, "அவ படிக்கிற பிள்ள. வேணாம், நான் முடியாதுன்னு சொல்லிடுறேன்" என்றார். குழம்புக் கரண்டி கையில் இருந்தது. கண் எங்கள் யார்மேலும் இல்லை.

நான் எழுதிவைத்த பேச்சில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. வாயில் வந்தது ஒன்றுதான். "மாமா, எஸ்டேட்டுக் கோயில் திருவிழாவுல அத்தன பேருக்கு ஆக்குறீங்க. வீட்ல நாலு பேருக்கு ஆக்க முடியாதா?"

நான் பொய் சொல்லவில்லையே. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரமெல்லாம் போய்ச் செம்பனை வந்து, நம் ஆட்கள் ஈப்போவுக்கும் அங்கும் இங்குமாகப் பிரிந்த பிறகும், திருவிழாவுக்கு எல்லாரும் திரும்பிப் போகிறோம். அங்கே அன்னதானச் சமையல் முழுக்க உங்கள் கூட்டத்துக்குத்தான். சட்டையைக் கழற்றிவிட்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, படகுத் துடுப்பு மாதிரி ஒரு கரண்டியால் அண்டாவைக் கிண்டுவீர்கள். பக்கத்தில் உறுமி அடிக்கும். அம்மாவும் அத்தைமாரும் ஓரமாக உட்கார்ந்து காய் நறுக்குவார்கள், பிறகு பாத்திரம் கழுவுவார்கள். "தம்பிங்க கைப்பக்குவமே தனி" என்று ஊரே உங்களைப் பாராட்டும்.

நீங்கள் ரோஷக்காரர். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தீர்கள். "அக்கா, நீ ஒத்துக்க. ராத்திரிச் சோறு என் பொறுப்பு. நாளைக்கே ஆக்கிக் காட்டுறேன். எல்லாரும் சும்மா உக்காந்து பாருங்க."

அப்பா புரையேறச் சிரித்தார்.

மறுநாளைப் பற்றி எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது, மாமா. எங்களை அடுப்படிப் பக்கமே வரக்கூடாது என்றீர்கள். கைப்பேசியில் உறுமிப் பாட்டு வேறு. பெரிய சத்தம், நல்ல வாசனை. பிறகு ஒரு அமைதி. பிறகு, "ஏ லோயரு, இங்க கொஞ்சம் வா. மெதுவா வா. அக்காவுக்குத் தெரிய வேணாம்."

வந்து பார்த்தேன். வீட்டிலிருந்த மிகப் பெரிய சட்டியில் சோறு பொங்கி, மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. அடுப்பெல்லாம் சோறு. பக்கத்துச் சட்டியில் கோழிக் குழம்பு செங்கல் நிறத்தில் கொதித்தது.

"எவ்ளோ அரிசி போட்டீங்க?"

"கண்ணளவுதான். கோயில்ல மூட்டையப் பிரிச்சு அப்படியே கொட்டுவோம்ல."

"மசாலா?"

நீங்கள் காலிப் பொட்டலத்தைக் காட்டினீர்கள். முழுப் பொட்டலம். அண்டாவையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு எங்கள் வீட்டுச் சட்டி தெரியவே இல்லை. இத்தனை வருடம் சமைத்தும் நாலு பேருக்கு எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாது. நாலு பேருக்கு நீங்கள் ஒருநாளும் ஆக்கியதே இல்லை.

அன்று எங்கள் வரிசை வீடுகள் முழுவதுக்கும் அன்னதானம்தான். நானும் நீங்களும் கிண்ணம் கிண்ணமாக ஏந்திக்கொண்டு கதவு கதவாகப் போனோம். சீன ஆன்ட்டி ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணீரோடு "செடாப், செடாப்" என்றார். நன்றாக இருக்கிறதாம். கையால் வாய்க்கு விசிறிக்கொண்டே சொன்னார். அப்பா மூன்று கோப்பைத் தண்ணீர் குடித்தார். அம்மா சாப்பிட்டு முடித்து, அடுப்பில் வழிந்த சோற்றைத் துடைக்கத் தொடங்கினார்.

அவர் துடைப்பதைத்தான் நீங்கள் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். அம்மா கோபப்படவில்லை, பெருமூச்சு விடவில்லை. நாளை எப்படியும் இதைத்தான் செய்யப்போகிறேன் என்பது போல நிதானமாகத் துடைத்தார். திங்கட்கிழமை என்ன பதில் சொல்லப்போகிறார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

நீங்கள் போய் அந்தத் துணியைப் பிடித்தீர்கள். "விடுக்கா. சமையல்னா இதுவும் சேர்த்துத்தான். ஞாயித்துக்கிழமவரைக்கும் டைம் குடு."

பிறகு என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, "நாலு பேருக்கு எவ்ளோடி?" என்றீர்கள்.

நான் பால் டின்னை நீட்டினேன். "இதுல ரெண்டு."

"அவ்ளோதானா?"

நீங்கள் நம்பவில்லை. டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். அடியில் ஓட்டை இருக்கிறதா என்றுகூடப் பார்த்தீர்கள்.

சனிக்கிழமை சோறு குழைந்தது. ஞாயிற்றுக்கிழமை சரியாக வந்தது. சாப்பிட்டு முடித்து, கழுவி, அடுப்பையும் துடைத்துவிட்டு, துண்டைத் தோளில் போட்டபடி வாசலில் வந்து நின்றீர்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். நான் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா நாளைய சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"கோயில்ல ஆக்குனா அத்தன பேரும் 'நல்லாருக்கு தம்பி'ன்றாங்க. இங்க ஒரு ஆளாச்சும் ஏதாச்சும் சொல்றீங்களா?" என்று கேட்டீர்கள். கேட்டுவிட்டு நீங்களே நின்றுவிட்டீர்கள். மெதுவாக, "உனக்கும் இத்தன வருஷமா யாருமே சொல்லலையாக்கா?" என்றீர்கள்.

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்திவைத்தார். "சோறு நல்லாருக்குடா" என்றார். "நாளைக்கு ஒத்துக்கிறேன்னு சொல்லிடுறேன்."

அப்படித்தான், மாமா, அம்மா வரிசைத் தலைவியானார்.

அடுத்த வாரத்திலிருந்து நீங்கள் செய்த ஒரு காரியம் அம்மாவை ரொம்பக் குழப்பியது. அம்மா சமைக்கும் நாட்களில் முதல் வாய் வைத்ததுமே, "நல்லாருக்குக்கா" என்பீர்கள். அம்மா உங்களைச் சந்தேகமாகப் பார்த்து, "என்னடா வேணும் உனக்கு?" என்பார். அது சந்தேகம் தீர்ந்து சிரிப்பாக மாற ஒரு மாதம் பிடித்தது.

உங்கள் கூட்டம் சும்மா விடவில்லை. ஒருநாள் ஃபுட்சாலுக்குக் கூப்பிட வந்த தேவா அண்ணன் கேட்டுக்கு வெளியே நின்று கத்தினார். "மச்சான்! என்னடா கோலம் இது? உன்னப் பொண்ணு பாக்க வாராங்களா?"

நீங்கள் கையில் கத்தியோடு, வெங்காயக் கண்ணீரோடு வெளியே வந்தீர்கள். "ஆமாடா. வந்தவன் வெட்டியா நிக்காத. உக்காந்து பூண்டு உரி."

"டேய், ரோட்டுல யாராச்சும் பாத்தா?"

"பாக்கட்டும். எஸ்டேட்ல ஊரே பாக்கக் கிண்டுனியே, அப்ப எங்கடா போச்சு வெக்கம்?"

தேவா அண்ணன் உட்கார்ந்தார். ஆனால் சாலையிலிருந்து தெரியாதபடி அப்பாவின் காருக்குப் பின்னால். பூண்டைத் தட்டில் போடாமல் தோலைத் தட்டில் போட்டார். நான் படிப்பதுபோல் நடித்தபடி அறை ஜன்னலிலிருந்து முழுவதையும் பார்த்தேன். என் பேச்சின் கடைசிப் பத்தியை அன்றைக்குத்தான் மாற்றி எழுதினேன். 'இளைஞர்களின் எண்ணம் மாற வேண்டும்' என்று முதலில் முடித்திருந்தேன். எண்ணம் ஏற்கனவே நன்றாகத்தான் இருக்கிறது, கைகள்தான் பழக வேண்டும், பழகும்போது சிரிக்காமல் இருப்பது மற்ற இளைஞர்களின் கடமை என்று எழுதினேன்.

எனக்கு மூன்றாம் பரிசு. மண்டபத்தில் டயர் கடைச் சட்டையோடு உட்கார்ந்து தவறான இடங்களிலெல்லாம் கைதட்டிய ஒரே ஆள் நீங்கள். வெளியே வந்ததும், "ஜட்ஜுங்க எல்லாம் ஆம்பளைங்க. அதான் மூணாவது" என்றீர்கள். மூவரில் இருவர் பெண்கள் மாமா. சொன்னேன். "அப்ப உன் பேச்சுலதான் ஏதோ கொற" என்று உடனே கட்சி மாறினீர்கள்.

அந்த வருடக் கடைசி மழையில் உங்களுக்கு டெங்கி வந்தது. ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதப்போவதில்லை. உங்களுக்கு அழுமூஞ்சிகளைப் பிடிக்காது.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அது உங்களுக்குத் தெரியாது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் என் தலையைத் தடவி, "இனிமே அடுப்படி பாப்பாவோட பொறுப்பு" என்றார். அம்மா அழுது அழுது வீங்கிய முகத்தோடு, "இல்ல, நான் பழைய வேலைக்கே மாத்திக் கேட்டுட்டேன். நாளைக்குக் கையெழுத்துப் போடணும்" என்றார். எனக்கு உலகமே பின்னால் போவதுபோல் இருந்தது. நீங்கள் போனதோடு நீங்கள் செய்ததும் போகிறதே என்று.

அப்பா எழுந்து உள்ளே போனார். அரிசி வாளியைத் திறக்கும் சத்தம். தோண்டும் சத்தம். நானும் அம்மாவும் போய்ப் பார்த்தோம். அப்பா அந்த டின்னைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றார். பிறகு ஒரு டின் போட்டார். இன்னொரு டின் போட்டார்.

"கையெழுத்தெல்லாம் போட வேணாம்" என்றார், எங்களைத் திரும்பிப் பார்க்காமல். "உன் தம்பி ஆக்குனான்ல. எனக்கும் ரெண்டு கை இருக்கு. தண்ணி எவ்ளோன்னு மட்டும் சொல்லு."

இரண்டு டின் என்பது நாலு பேருக்கு. நாங்கள் மூன்று பேர். மூவருக்குமே தெரிந்தது. ஒருவரும் சொல்லவில்லை. அம்மா தண்ணீரின் அளவைச் சொன்னார்.

அன்றிலிருந்து அதே அளவுதான். அம்மாவுக்கு மதிய வேலை வரும் வாரங்களில் நாங்கள் முறை வைத்துக்கொள்கிறோம். செவ்வாயும் வியாழனும் அப்பா. எனக்குச் சனி. மற்ற நாட்களில் யார் முதலில் வீட்டுக்கு வருகிறார்களோ அவர்கள். அப்பாவுக்குத் தெரிந்தது டின் சார்டின் குழம்பும் முட்டையும்தான். ஆனால் அடுப்பைத் துடைக்காமல் அவர் படுப்பதில்லை. அம்மாவின் கீழ் இப்போது இன்னும் ஒரு வரிசை சேர்ந்திருக்கிறது.

நாலாவது பங்கு வீணாகிறது என்று கவலைப்படாதீர்கள். அதற்கு ஆள் இருக்கிறது. தேவா அண்ணனுக்குப் போன மாதம்தான் கல்யாணமானது. அண்ணி மருத்துவமனையில் தாதியாக வேலை செய்கிறார். அவருக்கு இரவு வேலை இருந்தால் அண்ணன் "சும்மா இந்தப் பக்கமா வந்தேன் லா" என்று சரியாகச் சாப்பாட்டு நேரத்தில் வந்து நிற்பார்.

இப்போதும் வந்துவிட்டார், மாமா. கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்கிறது. எழுதுவதை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தேன். இன்று வழக்கம்போல நேராகச் சாப்பிட உட்காரவில்லை. அப்பாவிடம் ஏதோ கேட்கத் தயங்கி, கடைசியில் என்னிடம் வந்து, அன்று நீங்கள் நின்ற மாதிரியே குரலைத் தாழ்த்திக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, அவ காலையில டூட்டி முடிச்சு வந்தா பசியோட வருவா. நானே ஆக்கிவைக்கலாம்னு பாத்தேன். நேத்து ஆக்குனது எங்க ஃபிளாட் புளோக் முழுக்கக் குடுத்தும் மிச்சம். ரெண்டு பேருக்கு எவ்ளோ?"

நான் வாளியைத் தோண்டி டின்னை எடுத்து நீட்டினேன். "இதுல ஒண்ணு."

அவர் டின்னைத் திருப்பிப் பார்த்தார். அடியில் ஓட்டை இருக்கிறதா என்று விரலால் தட்டியும் பார்த்தார்.

"அவ்ளோதானா?"

உள்ளேயிருந்து அப்பாவின் சிரிப்புச் சத்தம். எனக்கும் அடக்க முடியவில்லை. ஏன் சிரிக்கிறோம் என்று புரியாமல் தேவா அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்த டின்னை அவருக்குக் கொடுக்கவில்லை, மாமா. அது எங்களுக்கு வேண்டும். அலமாரியில் இருந்த இன்னொரு டின்னில் மிச்சமிருந்த பாலை ஒரு கோப்பையில் ஊற்றி, கழுவித் துடைத்துக் கொடுத்தேன். மேல்பக்கத்தை முழுக்க வெட்டி, விளிம்பை நீங்கள் செய்ததுபோலவே சுத்தியலால் தட்டி மழுக்கிவிடச் சொன்னேன், அண்ணி கையைக் கிழிக்காமல் இருக்க. "அவ கை எதுக்குக் கிழியுது? நான்தானே அளக்கப்போறேன்" என்றார் அவர். சொல்லிவிட்டு, காருக்குப் பின்னால் போகாமல், கேட்டுக்குப் பக்கத்தில், தெரு விளக்கு வெளிச்சத்திலேயே உட்கார்ந்து தட்டத் தொடங்கினார்.

சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். மிளகாய் கருகினாலும் குழம்பு பரவாயில்லை என்று வாசனை சொல்கிறது. இன்றைக்கு முதல் வாய் வைத்ததும் உங்கள் வரியை நான்தான் சொல்லப்போகிறேன். அப்பா என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார்.

உங்கள் லோயரு.